இரண்டு மணிக்கு மஞ்சள்

பஸ்ஸில் ஓர் இருக்கையில் வெறும் கைக்குட்டை கிடந்தால் அக்கா அதில் உட்கார மாட்டாள். கால் வலித்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். "உக்காருங்களேன், காலியாத்தானே இருக்கு" என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

"கைக்குட்டை இருக்குல்லா மதினி. பொறவு எப்படி காலிங்குதிய?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் கண்டக்டரிடம் சில்லறை வாங்கப் போயிருந்த ஒரு கிழவர் வந்து, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டால் அதற்கு மேல் பேசமாட்டாள்.

நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை மதினி என்பாள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் வயதில் மூத்தவள் அக்கா. அவள் திருநெல்வேலிக்காரி, பக்கத்து வீட்டுக்காரர் பெண்டாட்டியை மதினி என்றுதான் அவர்கள் ஊரில் கூப்பிடுவார்களாம். "நீ அவங்களுக்கு மதினின்னா நான் அண்ணனாகணும். அவங்க உனக்கு அக்கான்னா நான் என்னடி ஆகணும்?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு எதிலும் ஒரு கணக்குச் சரியாக வரவேண்டும்.

நாங்கள் இருந்தது டெல்லியில், லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கத்தில் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அக்கா கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்களுக்குப் படம் போடுகிற ஒரு ஆபீசில் வேலை. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எங்கே பூங்கா என்று பெரிய தாளில் கோடு போட்டு நிறம் தீட்டுவது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. அந்தப் படங்களின் மூலையில் அவளுடைய முதலெழுத்து இரண்டும் மட்டும் இருக்கும். நானும் அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அவளுக்கு அது பிடிக்காது.

வீடு மஞ்சள். கடை சிவப்பு. பூங்கா பச்சை. தொழிற்சாலை ஊதா. இந்தக் கணக்கு அவளுக்குப் புடவை வரைக்கும் வந்துவிட்டது. நான் மஞ்சள் புடவை கட்டினால் "இன்னைக்கு மதினி குடியிருப்பு" என்பாள். சிவப்புக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால் "என்னது, கடை தெறந்தாச்சா?" என்பாள். அவள் இருக்கும்போது மட்டும்தான் நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். நான் கொஞ்சம் ஒதுங்கின ஆள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி டெல்லி வந்து இத்தனை வருஷத்தில் காய்காரனிடம் பேசுகிற அளவுக்குத்தான் இந்தி. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாயே திறக்காது.

அக்காவுக்கு ஆகாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான், காலி. டப்பா காலி என்றால் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "பெருங்காய வாசனை இருக்கே" என்பாள். ஆபீசிலும் அப்படித்தானாம். புதுப் பையன்கள் படத்தில் ஏதாவது ஒரு துண்டை வெள்ளையாக விட்டுவிட்டு அங்கே ஒன்றும் இல்லை என்றால், "நீ போய்ப் பாத்தியா? எத்தனை மணிக்குப் போனே?" என்று கேட்பாளாம். ஒருவன் பார்த்தேன் என்று பொய் சொல்லிவிட்டான். அக்கா அடுத்த நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி அங்கே போய், அந்த வெள்ளைத் துண்டில் எருமைகள் படுத்திருந்ததை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினேழு எருமை. அந்தப் பையன் வேலையை விட்டுப் போகும் வரைக்கும் ஆபீசில் அவனுக்கு பதினேழு என்றுதான் பெயர்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. மைதானம் என்பது பெரிய வார்த்தை. நாலு பக்கமும் குவார்ட்டர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் புழுதியாக ஒரு சதுரம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் கமலேஷ் மேஜை போட்டுத் துணி தேய்ப்பாள். கமலேஷ் என்றால் ஆணோ என்று வந்த புதிதில் நினைத்தேன். இல்லை, எங்கள் வயதுப் பெண்பிள்ளை. கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் மட்டும் ஆம்பளைத் தோள் மாதிரி இருக்கும். என் சமையலறை ஜன்னல் நேராக அவள் மேஜைக்கு மேலே. காலையில் நான் ஜன்னலைத் திறந்தால் அவள் தலையை நிமிர்த்தி ஒரு தடவை ஆட்டுவாள். இருபது வருஷம் எங்கள் சிநேகிதம் அந்தத் தலையாட்டல்தான்.

பிறகு எல்லா வீட்டிலும் கார் வந்தது. எங்கள் வீட்டிலும் என் மகன் ஒன்று வாங்கினான். தினம் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவன் நிறுத்த இடமில்லாமல் காலனியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, கோபத்தோடு மேலே வருவான். அவன் தப்பு என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு ஆறிப்போகும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். காலனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, பின்னால் இருக்கிற காலி இடத்தைச் சிமெண்ட் போட்டு கார் நிறுத்தக் கொடுங்கள் என்று மனு எழுதினார்கள். எங்கள் வீட்டுக்காரர் மூன்றாவது கையெழுத்து.

நான் அதைக் கீழே போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா காபியை வைத்துவிட்டு, "காலின்னு எழுதியிருக்காவளா?" என்றாள். கமலேஷைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அவள் மேஜைக்கு யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. காகிதத்தில் அவள் இல்லாவிட்டால் மண்ணிலும் இல்லை, சிமெண்ட் லாரி வந்தால் மேஜையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று அக்கா விளக்கினாள். எங்கே போவாள்? பக்கத்துக் காலனி மரத்தடியில் வேறு ஒருத்தி நிற்கிறாள். டெல்லியில் மரத்தடிக்கெல்லாம் ஆள் இருக்கிறது.

மனுவைப் பார்த்து முடிவு செய்கிற ஆபீஸ் வேறு, அக்காவின் ஆபீஸ் வேறு. அவளால் அங்கே போய் ஒன்றும் சொல்ல முடியாது. யாராவது வந்து பார்த்து, இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்களாம். "வாறவன் பத்து நிமிஷம் நிப்பான். அந்தப் பத்து நிமிஷத்தில என்ன தெரியுதோ அதுதான் எடம்" என்றாள் அக்கா. பிறகு ஒரு பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நான் ஆபீசுக்குப் போயிருதேன். நாள் பூரா அந்த எடத்தைப் பாக்கது நீங்க ஒராளுதான் மதினி. எழுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் எழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? மகனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். மணி போட்டு, அந்த நேரத்தில் அங்கே யார், என்ன செய்கிறார்கள். பால் கூடை இறக்குகிறார்கள். பெரியவர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கி வேண்டுமென்றே சிரிக்கிறார்கள், அது உடம்புக்கு நல்லதாம். ஸ்கூல் வேன். காய் வண்டி. பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரன் பேப்பரைப் பிரித்து அடுக்குகிறான். என் வடாம், அதற்குக் காவலாக என் கறுப்புக் குடை. பெருக்குகிற பெண்கள் ரொட்டி சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் கிரிக்கெட். குளிர் காலமானால் பஞ்சாபிப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வெயிலோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து உட்காருவார்கள், அதையும் எழுதினேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் படித்து, அதே சதுரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். காலை ஐந்து மணிக்கு ஒரு படம், ஆறு மணிக்கு ஒரு படம் என்று பதினாறு படம். ஒவ்வொன்றிலும் நிறம் வேறு வேறு. காய்காரனின் தள்ளுவண்டி வந்தால் ஒரு மூலை சிவப்பு. பிள்ளைகள் ஆடினால் நடுவெல்லாம் பச்சை. கமலேஷ் மேஜை ஊதாப் பொட்டு. "ஒரு தொழிற்சாலை" என்றாள் அக்கா, அதைத் தீட்டும்போது.

நோட்டைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். மத்தியானம் இரண்டு மணி. அங்கே நான் 'காலி' என்று எழுதியிருந்தேன்.

"மதினி, நீங்களே எழுதிட்டியளே."

மே மாசத்து டெல்லி வெயிலில் இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள், ஒரு காக்காய்கூட இராது என்றேன். அக்கா வாதாடவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பார்த்தேன். மைதானம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மேஜைமேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, ஏதோ சாமான் குவியல் மாதிரி. தார்ப்பாயின் அடியில் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளிக் கொலுசு. கமலேஷ் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தினமும் பார்த்த கால்கள்தான். புதிதாக ஒன்றும் இல்லை. தூங்குவதை ஒரு காரியமாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கீழே போய்ச் சொன்னேன். அதற்கு என்ன நிறம் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"மனுசர் படுத்து எந்திரிக்க எடம் என்ன நிறம்? மஞ்சள்தான்" என்று சொல்லி, இரண்டு மணிப் படத்தில் மரத்தடியில் சின்னதாக மஞ்சள் வைத்தாள். அந்தப் படத்தில் வேறு நிறமே கிடையாது.

பார்க்க வருகிறவர் ஒரு வியாழக்கிழமை வந்தார். எத்தனை மணிக்கு என்று சொல்லவே வேண்டாம். அக்கா ஆபீசில் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஒரு அதிகாரி, கூடவே டேப் பிடிக்க ஒரு ஆள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அதிகாரி சுற்றிலும் பார்த்தார். அந்த ஆளிடம் ஏதோ சொன்னார். எனக்கு அதில் காலி என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

செருப்புப் போடாமல் படி இறங்கி ஓடினேன். எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் முன்னால் போய் நின்றபோது தெரிந்த நாலு வார்த்தை இந்தியும் போய்விட்டது. இது காலி இல்லை, ஆள் இருக்கிறாள் என்று சொல்லவேண்டும். மரத்தடியைக் கையால் காட்டினேன். "காலி... காலி..." என்றேன். மிச்சம் வரவில்லை.

அவர் மரத்தைப் பார்த்தார். துணியில் தண்ணீர் தெளிக்க கமலேஷ் வைத்திருந்த சிவப்புத் துணி கிளையில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். டேப் பிடித்த ஆளும் கும்பிட்டான். காகிதத்தில் எதையோ திருத்தி எழுதிக்கொண்டு, எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். "எப்படிச் சொன்னீய, அப்படியே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நமக்கு ஒரே ஒரு 'கா'. இந்தியில் அப்படி இல்லை. வெறும் இடம் என்று சொல்ல அந்த முதல் எழுத்தில் மூச்சு வரவேண்டும். மூச்சு விடாமல் சொன்னால் அது காளி மாதா. மரத்தடியில் காளி இருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் நல்லதுதானே, இனி அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்களே என்றேன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எடம் தப்பிச்சிரும் மதினி. கமலேஷ் தப்பிக்க மாட்டா."

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. பேச்சு எப்படியோ காலனிக்குள் பரவி, செவ்வாய்க்கிழமை மரத்தடியில் கண்ணாடி போட்ட ஒரு காளி படமும் சாமந்தி மாலையும் வந்தன. அடுத்த வாரம் மேடை கட்டச் செங்கல் இறங்கியது. ஊர் அழுக்குத் துணியெல்லாம் இங்கே வரக்கூடாது, மேஜையைத் தள்ளிப் போடு என்று இரண்டு பேர் கமலேஷிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் ஜன்னலைத் திறந்தபோது அவள் தலை நிமிரவில்லை. கார் வந்திருந்தால் யார்மேலாவது பழி போட்டிருப்பேன். இது என் வாயால் வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சாமி படத்தை எடுக்கச் சொல்லவும் பயம், விடவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்றும், அதே அதிகாரி வந்து எல்லாரையும் கேட்டுவிட்டு முடிவாக எழுதப்போகிறார் என்றும் எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா படங்களைச் சுருட்டிக் கட்டினாள். "படம் நான் போட்டேன். பாத்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள். மாட்டேன் என்றேன். அழுதேன்கூட. அவள் சமாதானம் செய்யவில்லை. என் உள்ளங்கையைப் பிடித்து என் வாய்க்கு முன்னால் வைத்தாள். "சொல்லுங்க. கையில காத்து படணும்." நான்கு நாள் அடுப்படியில் கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அந்த ஒரு எழுத்தைச் சொன்னேன். குழம்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது.

கூட்டத்தில் எல்லாரும் கார், கார் என்று பேசினார்கள். சிலர் கோயில் என்றார்கள். அக்கா பதினாறு படங்களையும் மேஜையில் வரிசையாக விரித்தாள். இது உங்கள் ஆபீஸ் வேலை இல்லையே அம்மா என்று அதிகாரி மரியாதையாகவே சொன்னார். ஆமாம், இவர்கள் சொல்வார்கள் என்று அக்கா என் பக்கம் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்தேன். எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. கை தானாக வாய்க்கு முன்னால் போயிற்று. "யே ஜகா காலி நஹீ ஹை" என்றேன். இந்த இடம் காலி இல்லை. உள்ளங்கையில் காற்றுப் பட்டது.

அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மாதாஜி, அன்றைக்கு நீங்கள்தானே காளி என்றீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"உஸ் தின் ஹவா நஹீ ஆயா" என்றேன். அன்றைக்குக் காற்று வரவில்லை.

மண்டபமே சிரித்தது. என் இந்தியில் ஆண்பால் பெண்பால் தப்பு வேறு. ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கம் வரவில்லை. அது ஏன் என்று தெரியாது. நோட்டை அவரிடம் கொடுத்தேன். ஒரு எழுத்தும் அவருக்குப் படிக்க வராது, இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பிறகு படங்களைப் பார்த்தார். இரண்டு மணிப் படத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

"கமலேஷ் சோத்தி ஹை" என்றேன். கமலேஷ் தூங்குகிறாள். "ஆப் ஆயே தோ பீ சோத்தி தீ." நீங்கள் வந்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் தன் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். கடைசியில் சுவரோரம் ஒரு வரிசை கார்களுக்கு, மற்றது அப்படியே இருக்கும் என்று ஆயிற்று. மேடை கட்டக்கூடாது. முதலில் காலி என்றும் பிறகு கோயில் என்றும் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, உபயோகத்தில் உள்ளது, துணி தேய்க்கும் பெண் இருக்கிறாள் என்று இந்தியில் எழுதினார். அக்கா பக்கத்திலேயே நின்று, அவர் எழுதி முடிக்கும் வரை படித்தாள். சாமி படத்தை என்ன செய்வது என்று எல்லாரும் முழிக்க, கமலேஷே அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் மேஜைக்கு மேலே மரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். கும்பிட வந்தவர்கள் வரும்போது இரண்டு சட்டையும் தேய்க்கக் கொண்டுவந்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சாயங்காலம் ஆறு மணிப் படத்தில் ஒரு விளக்கைப் போட்டாள். "வந்தாச்சு. இனி அதையும் எழுதணும்லா" என்றாள்.

கூட்டம் முடிந்து வந்து படியேறும்போது எங்கள் வீட்டுக்காரர், "உன் நாத்தனார் உன்னை நல்லாப் பேச வச்சுட்டாங்க" என்றார். கணக்கு ஒருவழியாகச் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

அக்கா ரிட்டயர் ஆனபோது குவார்ட்டர்ஸை ஒப்படைக்க ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. வீடு காலி செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெறும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. "கடைசியில என்னையும் இந்த வார்த்தைக்குக் கீழ கையெழுத்துப் போட வச்சிட்டாவளே மதினி" என்று சிரித்துக்கொண்டே போட்டாள். பாளையங்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் பேசுவோம். நாங்கள் பிறகு குடிபோன ஜனக்புரியில் என் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி மகள் போன் பண்ணித் தகவல் சொன்னாள்.

அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. பழசை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுகிறார்கள். ஊருக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்களே, மேலே மேலே போகாமல் என்ன செய்வது? கமலேஷ் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப்படிக்குக் கீழே இடம் பிடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். தலை இடிக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் மகன் அந்த வழியாக வந்தான். சிக்னலில் கார் நின்றது. தகர வேலியில் ஒரு கதவு திறந்திருந்தது. "பாரும்மா, நம்ம பிளாக் எல்லாம் போயாச்சு. மொத்தமும் காலி" என்றான்.

பார்த்தேன். நல்ல வெயில். வேப்பமரத்தைக் காணோம். சிமெண்ட் கலக்கிற மிஷின் ஒன்று ஓடாமல் நின்றிருந்தது. அதன் நிழலில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இரண்டு கால்கள். சிமெண்ட் படிந்து வெளுத்த கால்கள், ஒன்றின்மேல் ஒன்று போட்டபடி. காரில் மணி பார்த்தேன். இரண்டு பத்து.

"மஞ்சள்" என்றேன்.

"பச்சை விழுந்தாச்சும்மா" என்று மகன் வண்டியை எடுத்தான்.